ரெண்டு விரக்கடை

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்த மலையைப் பாக்கப் பிடிக்கறதில்லீங்க. வாரத்துல ஆறு நாள் ஏறி இறங்கறேன், பாத்த வரைக்கும் போதும். நீங்க சத்திக்குங்களா? நான் சத்தியில இறங்கிக் கோபி வண்டி பிடிக்கோணும். இன்னிக்குச் சனிக்கிழமை, எப்பவும் முழு நாள்தான், இன்னிக்கு மட்டும் பள்ளிக்கூடம் அரை நாள் விட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள எங்க தலைமை அலுவலகத்துல இந்தக் கவரைக் குடுத்தாகோணும்.

என் பேரு சென்னியப்பன்ங்க. சூப்பிரண்டு சென்னியப்பன்னு கோபியில கேட்டுப் பாருங்க, தெரியாத வாத்தியார் இருக்க மாட்டாங்க. ஏழு பள்ளிக்கூடம் நடத்தற ஒரு அறக்கட்டளை, அதுல முப்பத்தஞ்சு வருசம். இப்ப நான் என்னவா இருக்கறேன்னு கேளுங்க. கடம்பூர் மலைப் பள்ளிக்கூடத்துல கிளார்க்கு. எதனாலன்னு கேளுங்க. ஒரு மவுசால. கம்ப்யூட்டர் மவுசுங்க.

சிரிக்காதீங்க. கேட்டுட்டு அப்புறம் சிரிங்க. கொஞ்சம் மெதுவாத்தான் பேசோணும். முன்னால ரெண்டாவது சீட்டுல ஊதாச் சேலை கட்டிட்டுத் தூங்கறாங்க பாருங்க, அவங்க மரகதம் டீச்சர். எங்க பள்ளிக்கூடத் தமிழ் டீச்சர்தான். பஸ் ஏறுனா உடனே தூங்கிருவாங்க. அவங்க கதையும் இதுல கொஞ்சம் வரும், பின்னால சொல்றேன்.

எங்ககிட்ட ஒரு பழைய சாப்ட்வேர் இருக்குதுங்க. ஏழு பள்ளிக்கூடத்து ஆளுங்களுக்கும் நியமனம், மாறுதல், பணி நீட்டிப்பு எல்லா ஆர்டரும் அதுலதான் போடோணும். எழுதிக் குடுத்த ஆளு கனடா போயிட்டாரு. அது ஓடுன பெட்டி மூணு வருசத்துக்கு முன்னால சித்திரை மாச இடியில போச்சு. புதுப் பெட்டியில அது ஓட மாட்டேங்குது. அப்ப ஒரு கம்பெனிக்காரன் வந்து, விர்ச்சுவல் மெஷின்னு ஒண்ணு பண்ணிக் குடுத்தான். அதாவது கோயமுத்தூர்ல ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதுக்குள்ள எங்க பழைய கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி ஒரு பாவனை. நெசமா இருக்காது, ஆனா வேலை செய்யும். எங்க ஆபீசுல இருக்கற சேர்மனோட மச்சினருக்கு நேர் எதிர்னு வெச்சுக்கங்க.

நாங்க கோபியில உக்காந்துட்டு ரிமோட் டெஸ்க்டாப்னு ஒண்ணைத் திறப்போம். கோயமுத்தூர்த் திரை எங்க திரையில தெரியும். இங்க மவுசை நகத்துனா அங்க அம்பு நகரும். கேக்க நல்லா இருக்குதுங்களா? எங்களுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கம்பெனிக்காரன் டீ குடிச்சுட்டுப் படி இறங்குற வரைக்கும் நல்லா இருந்துச்சு.

அப்புறம் பாத்தா, அம்பை நீங்க ஒரு எடத்துல வெச்சு அமுக்குனா, அது அங்க அமுக்கறதில்லீங்க. கீழ, வலப்பக்கமா ரெண்டு விரக்கடை தள்ளி அமுக்குது. ரெண்டு விரக்கடைன்னா, பட்டியல்ல ரெண்டு வரி. வேலை செய்யச் செய்ய இன்னும் தள்ளிப் போகும். அஞ்சு விரக்கடை, ஒரு சாண். கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டா எடுக்கறதில்ல.

வேற ஆளா இருந்தா தலையில கைய வெச்சுட்டு உக்காந்திருப்பான். நான் உக்காரலீங்க. பத்து நாள் அதையே பாத்தேன். அம்பை மேல் மூலைக்குக் கொண்டு போயி மூணு முட்டு முட்டுனா, தள்ளிப் போனதெல்லாம் திரும்பி வந்து ரெண்டு விரக்கடையில நின்னுக்குது. அந்த ரெண்டு விரக்கடை மட்டும் போகாது. போகாட்டிப் போவுது! நாம வெக்க வேண்டிய எடத்துக்கு ரெண்டு விரக்கடை மேல, இடப்பக்கமாத் தள்ளி வெச்சா, அது சரியா வந்து விழுது. அவ்வளவுதானுங்க. மூணு முட்டு, ரெண்டு விரக்கடை. கண்டுபுடிச்சவன் நானு.

சும்மா விடலீங்க. சுற்றறிக்கை எண் பதினாலு. 'சுட்டியைக் கையாளும் முறை', மூணு பக்கம். ஏழு பள்ளிக்கூடத்துக் கிளார்க்குகளையும் வரவெச்சு வகுப்பு எடுத்தேன். விரல் அளவு ஆளுக்கு ஆள் மாறுமேன்னு திருப்பூர்க்காரப் பையன் ஒருத்தன் கேட்டான். என் விரலை அளந்து, அட்டையில வெட்டி, ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். சரஸ்வதி பூசைக்கு சேர்மன் பொன்னாடை போத்தி, "சென்னியப்பன் இல்லாட்டி இந்த அறக்கட்டளை ஓடாது"ன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னாரு. எம் மச்சினிச்சி பொண்ணு சீருக்குப் போனாக்கூட, பந்தியில உக்காந்திருக்கறப்ப போன் வரும். "முட்டுனியா? மூணு தடவை முட்டு"ம்பேன். எலையில பாயாசம் ஆறிக் கெடக்கும். அது ஒரு காலம்ங்க.

இப்ப மரகதம் டீச்சர் கதைக்கு வர்றேன். இந்த முறையைக் கண்டுபுடிக்கறதுக்கு முன்னால, அந்தப் பத்து நாளைக்குள்ள, ஒரு மாறுதல் ஆர்டர் போட வேண்டி வந்துச்சு. டீச்சருக்கு வீடு சத்தியில. கைக்குழந்தை, ஒரு வயசு. சத்திப் பள்ளிக்கூடம் கேட்டிருந்தாங்க, சேர்மனும் சரின்னுட்டாரு. நான் அம்பைச் 'சத்தி'யிலதான் வெச்சேன். சத்தியமா வெச்சேன். அது ரெண்டு வரி கீழ 'கடம்பூரை' எடுத்துட்டுது. அச்சாகி, கையெழுத்தாகி வந்தப்பத்தான் பாக்கறேன்.

திருத்தியிருக்கலாமேன்னு நெனைக்கறீங்க. உங்க மூஞ்சியில தெரியுது. நீங்க ஆபீசு நடத்துனவரு இல்ல, அதனால நெனைக்கறீங்க. மொத மாசமே கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுதுன்னு ஒத்துக்கிட்டா என்னாகும்? ஏழு பள்ளிக்கூடத்துலயும் இருக்கற அத்தனை பேரும் "எனக்கும் தப்பாத்தான் போட்டுது"ன்னு வந்து நிப்பாங்க. அந்தம்மா வந்து நின்னாங்க. நான் சொன்னேன், "அம்மா, முன்னாடி மாதிரி மனுசன் போடறதா இருந்தா சிபாரிசு, சொந்தம், பந்தம்னு இருக்கும். கம்ப்யூட்டர் ஆளைப் பாத்துப் போடாது. போட்டா போட்டதுதான்." இது எனக்கே பிடிச்சுப் போச்சுங்க. சுற்றறிக்கை எண் பதினாறாப் போட்டுட்டேன். மாத்தோணும்னா முறைப்படி மனுக் குடுக்கோணும், மனு சூப்பிரண்டு வழியாத்தான் போகோணும்.

குடுத்தாங்க. மூணு வருசத்துல பதினோரு மனு. வாங்கி வாங்கி மூணாவது டிராயர்ல போட்டேன். கிழிச்செறியலீங்க, ஒண்ணைக்கூடக் கிழிக்கலை. பத்திரமா வெச்சிருந்தேன்.

இப்படி நல்லாப் போயிட்டிருந்துச்சுங்க. போன மே மாசத்தோட எனக்கு ஐம்பத்தெட்டு முடிஞ்சு ஓய்வு ஆகோணும். ஆனா அந்தச் சாப்ட்வேர்ல கை வெக்க வேற யாரு? சேர்மனே கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு வருசம் இருங்க, உங்க நீட்டிப்பு ஆர்டரை நீங்களே போட்டுக்கங்க"ன்னாரு. எனக்கு அந்த ஆபீசை விட்டா என்னங்க இருக்குது? வீட்ல உக்காந்தா ஒரு மணி நேரத்துல எம் பொண்டாட்டிகிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாது, என்கிட்ட என்ன பேசறதுன்னு அவளுக்குத் தெரியாது. இன்னும் ரெண்டு வருசம்னதும் கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைச்சுட்டேன்.

அப்பத்தான் தை மாசம் அந்தப் புள்ள வந்து சேந்துச்சு. மௌனிகா. இருபத்திமூணு வயசு, கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. அதிகம் பேசாது. முதல் நாள் அதுக்கு அட்டை விரல் குடுத்து, முட்டச் சொல்லிக் குடுத்தேன். அது அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பாத்துச்சு. "சார், இதுல ஒரு ஆப்ஷன் மாத்துனாப் போதும் சார்"னுச்சு. "அம்மணி, மொதல்ல வேலையைக் கத்துக்க, அப்புறம் மாத்தலாம்"னேன். சரீங்கன்னுட்டுது.

ஒரு புதன்கிழமை நான் டீக்குப் போயிட்டு வர்றேன். எத்தனை நேரம் இருக்கும், கால் மணி? வந்து உக்காந்து மூணு முட்டு முட்டி, ரெண்டு விரக்கடை தள்ளி வெச்சு அமுக்குனா, வேற என்னமோ திறக்குது. மறுபடி முட்டறேன். மறுபடி வேற. அந்தப் புள்ளயைக் கூப்பிட்டேன். "என்ன பண்ணுன?"ன்னு கேட்டேன். அந்த விர்ச்சுவல் மெஷினை நிறுத்திட்டு, அதோட செட்டிங்குல சுட்டும் கருவின்னு ஒரு எடம் இருக்குதாம், அதுல மவுசுன்னு இருந்ததை டேப்லட்டுன்னு மாத்துச்சாம். திருப்பி ஓட விட்டுதாம். அவ்வளவுதானாம்.

"டேப்லட்டு எங்க இருக்குது நம்மகிட்ட?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க சார், சும்மா அப்படி நெனைச்சுக்கும். மவுசுன்னா எவ்வளவு தூரம் நகந்தோம்னு மட்டுந்தான் சார் சொல்லும். பத்தடி வந்தேன், அஞ்சடி வந்தேன்னு. இங்கத்த அடி வேற, அங்கத்த அடி வேற. போகப் போக விலகிரும். டேப்லட்டுன்னா இந்த எடத்துல நிக்கறேன்னு நேராவே சொல்லிரும் சார்."

எவ்வளவு தூரம் வந்தோம்னு தெரியும், எங்க நிக்கறோம்னு தெரியாதாம். அப்படியொரு ஜந்து இருக்குமாங்க உலகத்துல? இருந்தாலும் அது என்கிட்ட கேட்டுட்டுல்ல செய்யோணும்?

"பழையபடி மாத்து"ன்னேன். "சார், இப்ப நேரா வேலை செய்யுதுங்களே"ன்னுச்சு. நேரா வேலை செய்யறதா முக்கியம்? முறைன்னு ஒண்ணு இல்லீங்களா? நேராப் போனேன் சேர்மன்கிட்ட. அவரு எந்திரிச்சு வந்து, அவர் கையால மவுசைப் புடிச்சு அமுக்குனாரு. மூணு வருசத்துல அன்னிக்குத்தான் அதைத் தொடறாரு. வெச்ச எடத்துல விழுந்துச்சு. இன்னொண்ணு அமுக்குனாரு. அதுவும் விழுந்துச்சு. சின்னக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை கிடைச்ச மாதிரி பத்து நிமிசம் அமுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் என்னைப் பாத்து, "ஏனுங்க சென்னியப்பன், அப்ப இத்தன நாளா நாம எதுக்கு முட்டிட்டு இருந்தோம்?"னாரு.

"அனுபவம்ங்க ஐயா"ன்னேன்.

ஒரே நாள்ல மத்தவங்க எல்லாரும் மாறிட்டாங்க. நன்றிகெட்ட ஜென்மங்க. டைப்பிஸ்ட் ஜோதிமணி அந்த அட்டை விரலைப் புஸ்தகத்துல பக்கத்துக்கு அடையாளமா வெச்சிருக்குது. எனக்கு மட்டும் வரலீங்க. நான் கண்ணால பாத்து அமுக்கறவன் இல்ல, கையால அமுக்கறவன். கை தானாப் போயி மூணு முட்டு முட்டிட்டு, ரெண்டு விரக்கடை தள்ளி நிக்கும். சாதம் பெசையறப்பக் கையைப் பாத்தா பெசையறோம்?

வந்துச்சு நீட்டிப்பு ஆர்டர் போடற நாள். வெள்ளிக்கிழமை, ஒம்பதரைக்கு மேல நல்ல நேரம். குளிச்சு, திருநீறு பூசி, மெஷினுக்கு ஊதுபத்தி காட்டி உக்காந்தேன். அந்தப் புள்ள பக்கத்துல வந்து, "நான் போட்டுத் தரட்டுங்களா சார்?"னுச்சு. என் ஆர்டரை நீ போடறதான்னு எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "தள்ளி நில்லு அம்மணி"ன்னேன்.

பேரு வந்துச்சு. நீட்டிப்பு, ரெண்டு வருசம், வந்துச்சு, அதெல்லாம் டைப் அடிக்கறது. பணியிடம். பட்டியல் திறந்துச்சு. 'தலைமை அலுவலகம்'. அதுக்கு ரெண்டு வரி மேல என்ன இருக்குதுன்னு இப்ப நீங்களே சொல்லிருவீங்க. சத்திக்கு ரெண்டு வரி கீழ, தலைமை அலுவலகத்துக்கு ரெண்டு வரி மேல, நட்ட நடுவுல உக்காந்திருக்குது கடம்பூரு. கை தானாப் போச்சு. "சார், ஒரு நிமிசம்"னுச்சு அந்தப் புள்ள. கையைக் காட்டி அமத்துனேன். எண்டர் தட்டுனேன். 'உறுதியா?'ன்னு ஒரு பெட்டி வந்துச்சு. முப்பத்தஞ்சு வருசத்துல நான் உறுதியில்லாம எதையாச்சும் பண்ணியிருக்கேனா? இன்னொரு எண்டர்.

தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. அந்தப் புள்ள அதுமேல கை வெக்காம இருந்திருந்தா, அம்பு சரியா வந்து விழுந்திருக்கும். மூணு வருசமாத் தப்பாம விழுந்த அம்பு. நேராக்கறேன்னு கெடுத்து வெச்சுட்டுது.

அச்செடுத்த ஆர்டரை சேர்மன் எப்பவும் போல படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் வெளியில வந்துதான் பாக்கறேன், பணியிடம் கடம்பூருன்னு. அங்க இருக்கறது கிளார்க்கு வேலை மட்டுந்தான். பாதிப் படியில திரும்பி ஓடுனேன். "ஐயா, தப்பா விழுந்துருச்சு." அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "என்னங்க நீங்களே இப்படிச் சொல்றீங்க? கம்ப்யூட்டர் ஆளைப் பாத்துப் போடாது, போட்டா போட்டதுதான்னு சுற்றறிக்கை போட்டவரு நீங்க. உங்களுக்கு மாத்துனா ஊரு என்ன பேசும்? முறைப்படி ஒரு மனுக் குடுங்க." மனு யாரு வழியா? சூப்பிரண்டு வழியா. சூப்பிரண்டு பொறுப்புல இப்ப யாரு? அந்தப் புள்ள.

சீட்டை ஒப்படைக்கறப்ப மூணாவது டிராயரைத் திறந்து, "சார், இது என்னங்க சார்?"னு கேட்டுச்சு. "ஒண்ணுமில்ல, பழைய காயிதம்"னு எடுத்துப் பையில போட்டுட்டேன். பின்பக்கம் வெள்ளையா இருக்குது, எழுதிப் பாக்க ஆகும்னு நெனைச்சேன். வீட்டுக்கு வந்து என் மனுவை எழுத உக்காந்தா, கை ஓடலை. முப்பத்தஞ்சு வருசம் மனு வாங்குனவன், எழுதுனவன் இல்லீங்களே. சரி, எப்படித்தான் எழுதியிருக்காங்கன்னு ஒண்ணைப் பிரிச்சேன். அப்பத்தானுங்க மொத தடவையாப் படிக்கறேன்.

நல்லா எழுதியிருக்காங்க. தமிழ் டீச்சர் இல்லீங்களா. ஒரு வரி வருது. 'என் மகள் தூங்கும்போது கிளம்புகிறேன், அவள் தூங்கிய பிறகே வீடு திரும்புகிறேன். விழித்த கண்ணோடு அவள் என்னைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.' பதினொண்ணையும் படிச்சேன். மொத மனுவுல குழந்தைக்கு ஒரு வயசு. கடைசி மனுவுல நாலு. பொய் சொல்லக் கூடாது, அன்னிக்குச் சோறு எறங்கலை. அப்புறம் அதையே பாத்து என் மனுவை எழுதிட்டேன். மகள்ங்கற எடத்துல மனைவின்னு போட்டேன். 'விழித்த கண்ணோடு என் மனைவி என்னைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.' எம் பொண்டாட்டிகிட்டப் படிச்சுக் காட்டுனேன். "அது போதாதா?"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

திங்கக்கிழமை மொத நாள் காலைல, இதே பஸ்ல, டீச்சர் என்னைப் பாத்துட்டு எந்திரிச்சு வணக்கம் வெச்சாங்க. "உங்களை யாருங்க சார் மலைக்குப் போட்டது?"ன்னு கேட்டாங்க. "கம்ப்யூட்டர்ம்மா"ன்னேன். "அது ஆளைப் பாத்துப் போடாதுங்களே சார்"னாங்க. சிரிக்கலீங்க. சிரிச்சிருந்தாத் தேவலை.

இதுல இன்னொரு கூத்து. கடம்பூர்ல ஹெட்மாஸ்டர் கிடையாது, மூத்த ஆசிரியர்னு டீச்சர்தான் பொறுப்பு. அவங்க 'பரிந்துரைக்கிறேன்'னு கையெழுத்துப் போட்டாத்தான் என் மனு செல்லும். நேத்துக் குடுத்தேன். பதினோரு மனு எழுதுனவங்களுக்கு எதுல என்ன எழுதுனோம்னா ஞாபகம் இருக்கப் போகுதுன்னு நெனைச்சுட்டுக் குடுத்தேன்.

படிச்சாங்க. அந்த ஞாயித்துக்கிழமை வந்த எடத்துல நின்னுட்டாங்க. நான் செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்துட்டு நின்னேன். அப்புறம் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்திட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க.

"அங்க இதைப் படிப்பாங்களா சார்?"

"படிப்பாங்கம்மா"ன்னேன். வேற என்ன சொல்றது?

"அப்ப இதையும் சேத்துக் குடுத்துருங்க சார்"னு கைப்பையில இருந்து ஒரு கவரை எடுத்தாங்க. பன்னெண்டாவது. எப்பவும் எழுதியே வெச்சிருப்பாங்க போல.

ரெண்டும் இந்தக் கவருக்குள்ளதான் இருக்குது. எது மேல இருக்குதுன்னு கேக்கறீங்களா? என்னுதுதானுங்க. சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்குதில்ல. ஆனா, அந்தச் சத்தி ஆர்டர்ல அன்னிக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வரி நான் எழுதிக் குடுத்தா அந்தம்மாவுது உடனே முடிஞ்சுருமுங்க. காயிதம் கையிலயே இருக்குது. எழுதலாம். எழுதுனா, அப்ப உங்க பதினாறாம் சுற்றறிக்கை என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. பாக்கலாம், கோபி வர்றதுக்குள்ள பாக்கலாம்.

சத்தி வந்துருச்சுங்க. கண்டக்டர் அவங்களை எழுப்பறாரு பாருங்க, தெனமும் அவருதான் எழுப்புவாரு.

எனக்குப் பயம் வேற ஒண்ணுங்க. என் சீட்டுக்கு எதிர்ல முன்னாடி ஒரு நாற்காலி இருந்துச்சு. மனு குடுக்க வர்றவங்க உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கறாங்கன்னு, அதைத் தூக்கிக் குடோன்ல போடச் சொன்னவன் நான்தான். இந்தம்மா பதினோரு தடவையும் நின்னுட்டுத்தான் குடுத்தாங்க. எனக்கு முட்டி வலிங்க, மலை ஏறி இறங்கி ரெண்டு காலும் வீங்கிக் கெடக்குது. அந்தப் புள்ள எல்லாத்தையும் மாத்தற புள்ளதானுங்க. அந்த நாற்காலியையும் திரும்பக் கொண்டாந்து போட்டிருக்கும்ங்களா?